பழத்தைக் கொடுத்துப் பிஞ்சு வாங்கும் வியாபாரம்!

1962-ம் வருஷம் அமெரிக்க பேஸ்பாலில் ஒரு விசித்திரமான வியாபாரம் நடந்தது. ஹாரி சிட்டி என்றொரு ஆட்டக்காரர். ஏப்ரல் மாசம் க்ளீவ்லாண்ட் அணி அவரை நியூயார்க் மெட்ஸ் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்கு மெட்ஸ் யாரைக் கொடுக்கும்? அதை அப்போதே முடிவு செய்யவில்லை. 'ஆள் பெயர் பின்னர் அறிவிக்கப்படும்' என்று எழுதிக்கொண்டார்கள். (சினிமா போஸ்டரில் 'மற்றும் பலர்' போடுகிற மாதிரி, பேஸ்பாலில் இது ரொம்ப சகஜம்!) சிட்டி மெட்ஸுக்காக 15 ஆட்டம் ஆடினார். சோபிக்கவில்லை. ஜூன் மாசம் மெட்ஸ் அந்தப் பெயரை அறிவித்தது. ஹாரி சிட்டி! தனக்குத் தானே விலையாகி, போன வண்டியிலேயே ஊர் திரும்பினார் மனுஷர்.

இன்னொன்று. டேவ் வின்ஃபீல்ட். மூவாயிரம் 'ஹிட்' தாண்டிய ஜாம்பவான். 1994 ஆகஸ்ட் கடைசியில், ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஸ்ட்ரைக்கில் இருந்த நேரத்தில், மினசோட்டா அணி அவரை க்ளீவ்லாண்டுக்குக் கொடுத்தது. இங்கேயும் விலை 'பின்னர்'தான். ஸ்ட்ரைக் முடியவே இல்லை, சீசனே ரத்தாகிவிட்டது. ஆடாத ஆளுக்கு என்ன விலை கொடுப்பது? இரண்டு அணி நிர்வாகிகளும் ஓட்டலுக்குச் சாப்பிடப் போனார்கள். பில்லை க்ளீவ்லாண்ட் கட்டியது. கணக்கு தீர்ந்தது! ஜாம்பவானின் விலை ஒரு ராத்திரிச் சாப்பாடு.

சிரித்தாகிவிட்டதா? இனி கொஞ்சம் சீரியஸான பக்கம்.

நம்ம ஐ.பி.எல். ஏலத்தில் ஆளுக்குக் காசு. கையைத் தூக்கினால் கோடி, இன்னொரு தரம் தூக்கினால் இன்னொரு கோடி. அமெரிக்க பேஸ்பாலில் பெரும்பாலும் ஆளுக்கு ஆள். அசல் பண்டமாற்று. 'ட்ரேட்' என்கிறார்கள். மொத்தம் 30 அணிகள். வருஷத்துக்கு ஆளுக்கு 162 ஆட்டம். வசந்தத்தில் ஆரம்பிக்கிற சீசனில் ஜூலைக் கடைசி வாக்கில் ஒரு கெடு தேதி உண்டு. அதற்குள் மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ள வேண்டும். நம்மூரில் ஆடித் தள்ளுபடி களைகட்டுகிற அதே நாட்களில் அங்கே போன் மணி ஓயாது.

யார் விற்பார்கள், யார் வாங்குவார்கள்? இந்த வருஷம் கோப்பை அடிக்க வாய்ப்புள்ள அணி, உடனே தின்னக்கூடிய பழமாகத் தேடும். வாய்ப்பில்லை என்று தெரிந்துபோன அணி, தன்னிடமிருக்கும் பழத்தைக் கொடுத்து, நாலு வருஷம் கழித்துப் பழுக்கக்கூடிய பையன்களாகக் கேட்கும். கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருக்கும் பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். அங்கே 'பிராஸ்பெக்ட்' என்பார்கள். நமக்கு எதற்கு வாய் சுளுக்கு? 'பிஞ்சு' என்றே வைத்துக்கொள்வோம்.

பழம் எவ்வளவு பெரிசு என்று கண்ணுக்குத் தெரியும். பிஞ்சு? இரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுத்துவது?

★

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு ஆட்டக்காரரின் வியாபார மதிப்பு என்பது அவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பது இல்லை. அவர் ஆட்டத்துக்குத் தகுந்த சம்பளத்தைவிட எவ்வளவு *குறைவாக* வாங்குகிறார், இன்னும் எத்தனை வருஷம் அப்படிக் குறைவாக வாங்கிக்கொண்டிருப்பார் என்பதுதான்.

என்னடா இது அநியாயம் என்கிறீர்களா? விதி அப்படி. மேஜர் லீக்குக்கு வந்த ஆட்டக்காரர் ஆறு வருஷ சர்வீஸ் முடிக்கும்வரை அந்த அணியின் கையில்தான். வேறு அணிக்குத் தன்னிஷ்டப்படி போக முடியாது. பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று வருஷம் கிட்டத்தட்ட குறைந்தபட்ச சம்பளம். 2026-க்கு அது 7 லட்சத்து 80 ஆயிரம் டாலர். (நமக்கு மயக்கம் வருகிற தொகைதான். ஆனால் அந்த ஊர் நட்சத்திரங்களுக்கு அது காபிச் செலவு.) அடுத்த மூன்று வருஷம் பேரம் பேசலாம், படியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. சம்பளம் ஏறும், ஆனாலும் வெளிச்சந்தை ரேட் வராது. ஆறு முடிந்தால்தான் விடுதலை. அப்புறம் யார் அதிகம் தருகிறார்களோ அங்கே.

இதை மாந்தோப்புக் குத்தகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். தோப்பு எப்படிக் காய்க்கிறது என்பது பாதி விஷயம். குத்தகையில் இன்னும் எத்தனை காய்ப்பு மிச்சம் இருக்கிறது என்பது மீதி விஷயம்.

பி.காம். படித்தவர்களுக்கு இது பழகிய கணக்குதான். குட்வில்லுக்கு விலை போடும்போது 'சூப்பர் பிராஃபிட்' முறை என்று ஒன்று படித்திருப்பீர்கள். சராசரி லாபத்திலிருந்து சாதாரண லாபத்தைக் கழி, மிச்சத்தை இத்தனை வருஷத்தால் பெருக்கு. அதையேதான் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு செய்கிறார்கள்! பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நாம் திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்த சமாசாரத்துக்கு இப்படி ஒரு வாழ்வு.

கணக்கு இதுதான். ஓட்டலில் சரக்கு மாஸ்டர் லீவு போட்டுவிட்டார். அவசரத்துக்குக் கிடைத்த ஆளை அடுப்பில் நிறுத்துகிறீர்கள். அன்றைக்கு வியாபாரம் எவ்வளவு படுக்கிறதோ, அதுதான் மாஸ்டரின் மதிப்பு. இதே மாதிரி, ஒரு ஆட்டக்காரரை எடுத்துவிட்டு சுலபமாகக் கிடைக்கிற மாற்று ஆளைப் போட்டால் சீசனில் எத்தனை வெற்றி குறையும் என்று ஒரு எண் கண்டுபிடிக்கிறார்கள். வெளிச்சந்தையில் ஒரு வெற்றியை விலைக்கு வாங்க சுமார் 80 லட்சம் டாலர் ஆகும் என்பது பல காலமாகப் புழங்கும் ஒரு உத்தேசக் கணக்கு. வருஷத்துக்கு நாலு வெற்றி தரக்கூடிய பையன் என்றால் அவன் ஆட்டம் 3 கோடியே 20 லட்சம் டாலர் பெறும். அவனுக்குக் கொடுப்பதோ 8 லட்சத்துக்கும் கீழே. மிச்சம்? அதுதான் சூப்பர் பிராஃபிட். இன்னும் எத்தனை வருஷம் இதே கதை என்று பெருக்கினால் வருவது அவனுடைய வியாபார மதிப்பு.

இதனால்தான் அணிகள் ஒவ்வொரு நாளையும் எண்ணுகின்றன. சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் ப்ரையன்ட் கதையைக் கேளுங்கள். 2015 மார்ச்சில் பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் விளாசினார். சீசன் தொடங்கியபோது அவரை மேல் அணிக்கு எடுக்கவில்லை. ஃபீல்டிங் இன்னும் மெருகேற வேண்டும் என்றது நிர்வாகம். ஏப்ரல் 17-ம் தேதி கூப்பிட்டுக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் அப்படி என்ன மெருகேறியது? ஒன்றுமில்லை. சீசனில் 172 நாள் இருந்தால்தான் ஒரு வருஷ சர்வீஸ். ப்ரையன்டுக்கு வந்தது 171!

நம்மூரில் தற்காலிகத் தொழிலாளிக்கு 240 நாள் பூர்த்தியாவதற்குள் 'பிரேக்' கொடுத்து அனுப்புகிற முதலாளிகள் உண்டே, அந்த வித்தை கடல் கடந்தும் இருக்கிறது. ப்ரையன்ட் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம், அடுத்த வருஷம் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். முறையிட்டுப் பார்த்தார். 2020-ல் நடுவர் அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2020-ஓடு கிடைக்க வேண்டிய விடுதலை 2021 முடிவுக்குத் தள்ளிப்போனது. அப்படி மிச்சம் பிடித்த அந்த ஏழாவது வருஷத்தில், 2021 ஜூலை 30-ம் தேதி, கப்ஸ் அவரை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பிஞ்சுகளை வாங்கிக்கொண்டது. ஒரே ஒரு நாளைப் பதுக்கி வைத்து, ஆறு வருஷம் கழித்து அதை விற்றார்கள் என்றால் தப்பா?

★

குத்தகைக் கணக்கை அப்படியே படம் போட்டுக் காட்டியவர் ஹுவான் சோட்டோ. ஒரே ஆள், பதினாறு மாச இடைவெளியில் இரண்டு தரம் கைமாறினார்.

வாஷிங்டன் அணி அவருக்கு 15 வருஷத்துக்கு 44 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. வேண்டாம் என்றார். (ஆமாம், வேண்டாம் என்றார்!) எப்படியும் போகப்போகிறவர், இப்போதே விற்போம் என்று 2022 ஆகஸ்ட் 2-ம் தேதி ஸான் டியேகோவுக்கு அனுப்பினார்கள். கூடவே ஜோஷ் பெல் என்ற இன்னொருவரும். அப்போது சோட்டோவின் குத்தகையில் மிச்சம் இரண்டரை சீசன். விலையாக வந்தவர்கள் ஆறு பேர். அதில் ஐந்து பேர் இளசுகள். எப்படிப்பட்ட இளசுகள்? அதில் அப்ரம்ஸ் என்பவர் 2024-லும், கோர், வுட் என்ற இரண்டு பேர் 2025-லும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். அந்தளவுக்குச் சரக்கு.

2023 டிசம்பரில் ஸான் டியேகோ அதே சோட்டோவை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. வயசு 25. கை, கால், கண் எல்லாம் பத்திரம். ஆட்டத்தில் குறையில்லை. ஆனால் குத்தகையில் மிச்சம் ஒரே ஒரு சீசன். இந்தத் தடவையும் ஐந்து பேர் வந்தார்கள். மைக்கேல் கிங் என்ற நல்ல பிட்சர் இருந்தார். (பிட்சர் என்றால் பந்து வீசுபவர்.) ஆனால் பழைய விலையோடு ஒப்பிட்டால் இது எங்கே, அது எங்கே! அதோடு இன்னொரு ஆட்டக்காரரையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஆள் மாறவில்லை. காலண்டர் மாறியது, அவ்வளவுதான்.

யாங்கீஸ் அவரை வைத்து 2024 உலகத் தொடர் இறுதிவரை போனது, தோற்றது. சோட்டோ விடுதலையாகி அதே நியூயார்க்கில் எதிர்வீட்டு மெட்ஸிடம் 15 வருஷம், 76 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். 44 கோடியை வேண்டாம் என்றபோது பைத்தியம் என்று சொன்னவர்கள் யாரையும் அதன்பிறகு காணோம்.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்துவிடுங்கள். 2017-ல் மயாமி அணியின் ஜியான்கார்லோ ஸ்டான்டன் 59 ஹோம் ரன் அடித்தார். லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. அடுத்த மாசமே அவரை யாங்கீஸுக்குத் தள்ளிவிட்டார்கள். 'தள்ளிவிட்டார்கள்' என்பதுதான் சரியான வார்த்தை. பதிலுக்கு வந்தது ஒரு சுமாரான சீனியர், இரண்டு பிஞ்சு. போதாததற்கு, ஸ்டான்டன் இடையில் விலகாவிட்டால் மயாமியே 3 கோடி டாலர் தருவதாகவும் ஒப்பந்தம். காரணம்? அவருக்கு இன்னும் பத்து வருஷம், 29 கோடியே 50 லட்சம் டாலர் சம்பளம் பாக்கி. நாட்டிலேயே அதிகம் அடித்தவர். ஐந்தொகையில் அவர் பெயர் பொறுப்புகள் பக்கம். இன்னும் ஒரு ஆட்டம் ஆடாத, மீசை முளைக்காத பையன் பெயர் சொத்துகள் பக்கம். விருதும் கோப்பையும் ஷோகேஸுக்கு. வியாபாரத்துக்கு வேறு தராசு.

★

சரி, பிஞ்சு விவகாரத்துக்கு வருவோம். இங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்கும்.

பையன்களைப் பார்த்து மார்க் போட 'ஸ்கவுட்' என்று ஆட்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி கூர்மையான பார்வை. அடிக்கும் திறன், அடியின் வலு, ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை என்று ஐந்து பொருத்தம். மார்க் 20-ல் ஆரம்பித்து 80-ல் முடியும். 50 என்றால் மேஜர் லீக்கில் சராசரி. இங்கே 35 வாங்கினால் பாஸ் என்று கொண்டாடுவோம். அங்கே 35 வாங்கினால் வீட்டுக்கு. இது தவிர, 'பேஸ்பால் அமெரிக்கா' பத்திரிகை 1990-லிருந்து ஒவ்வொரு வருஷமும் தலைசிறந்த நூறு பிஞ்சுகளின் பட்டியல் போடுகிறது. பழைய பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் தேறினார்கள் என்று அலசி, ஒவ்வொரு இடத்துக்கும் டாலரில் ஒரு விலை போட்டிருக்கிறார்கள் நிபுணர்கள். அந்த அலசல்களில் தெரிந்த ஒரு விஷயம், அடிக்கிற பிஞ்சைவிட வீசுகிற பிஞ்சு அதிகம் வெம்பிப்போகும். தோளும் முழங்கையும் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பிட்சர் பிஞ்சு என்று ஒன்று உலகத்தில் கிடையவே கிடையாது என்பது அந்த ஊரில் ஒரு சொலவடை.

பிரையன் டெய்லர். 1991-ல் பள்ளிக்கூடப் பையன்கள், கல்லூரிப் பையன்களை அணிகள் பங்குபோட்டு எடுக்கும்போது முதல் ஆளாக யாங்கீஸ் எடுத்த இடதுகைப் பிட்சர். கையெழுத்துக்கு 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. 1993 டிசம்பரில் அண்ணன்-தம்பிக்காகப் போய் ஒரு கைகலப்பில் மாட்டினார். தோள் கிழிந்தது. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை.

மைக் பியாஸா. 1988-ல் 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக எடுக்கப்பட்டவர். அதுவும் அப்பாவின் நண்பர் அணியின் மேனேஜர் என்பதால் கொடுத்த சிபாரிசு சீட்டு! 427 ஹோம் ரன் அடித்து 2016-ல் புகழ்க் கூடத்தில் இடம் பிடித்தார். இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எந்த ஸ்கவுட்டுக்குத் தூக்கம் வரும்?

இதைவிட வயிற்றெரிச்சல், கையிலிருந்த பிஞ்சைக் கொடுத்துவிட்டு, அது அடுத்த வீட்டில் பழுத்துத் தொங்குவதைப் பார்ப்பது. 2016 ஜூனில் சிகாகோ ஒயிட் ஸாக்ஸ், ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற சீனியர் பிட்சருக்காக ஒரு 17 வயசுப் பையனைத் தள்ளிவிட்டது. பையன் சம்பள ஆட்டம் ஒன்றுகூட ஆடியிருக்கவில்லை. ஷீல்ட்ஸ் சிகாகோவில் எடுபடவில்லை. பையன் பெயர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். 2021-ல் 14 வருஷத்துக்கு 34 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே பாஸ்டன்காரர்கள் இன்றும் மார்பில் அடித்துக்கொள்கிற 1990-ம் வருஷக் கதை. ஆகஸ்ட் கடைசி. ரெட் ஸாக்ஸ் முன்னிலையில் இருக்கிறது; கடைசி நேரத்தில் வந்து வீச ஒரு அனுபவஸ்தர் வேண்டும். ஹூஸ்டனில் லாரி ஆண்டர்ஸன், வயசு 37. பதிலுக்கு ஜெஃப் பேக்வெல் என்ற 22 வயசுப் பையன். பாஸ்டனிலேயே பிறந்தவன், ரெட் ஸாக்ஸ் என்றால் உயிர். கீழ் லீக்கில் மூன்றுக்கு ஒன்று என்று அடித்துக்கொண்டிருந்தான். ஆனால் சீசன் பூராவும் ஹோம் ரன் நாலே நாலு. அவன் நிற்க வேண்டிய மூன்றாம் பேஸில் பாஸ்டனுக்கு ஏற்கெனவே வேட் பாக்ஸ் என்ற சிங்கம். கொடுத்துவிட்டார்கள். ஆண்டர்ஸன் 22 இன்னிங்ஸ் வீசினார், பிரமாதமாக வீசினார். ரெட் ஸாக்ஸ் தன் பிரிவில் முதலிடம் வந்தது. அடுத்த சுற்றில் ஓக்லாண்டிடம் நாலுக்குப் பூஜ்யம் என்று உதை வாங்கியது. ஆண்டர்ஸன் வேறு அணிக்குப் போய்விட்டார். பேக்வெல்? அடுத்த வருஷமே சிறந்த புதுமுகம். 1994-ல் மதிப்புமிக்க ஆட்டக்காரர். 15 வருஷம் ஹூஸ்டனிலேயே ஆடி 449 ஹோம் ரன். 2017-ல் புகழ்க் கூடம்.

★

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பிஞ்சைக் கொடுத்தவன் மடையன் என்று தீர்ப்பு எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை.

1987-ஐப் பாருங்கள். டெட்ராய்ட் டைகர்ஸுக்கு அவசரமாக ஒரு பிட்சர் தேவை. அட்லாண்டாவிலிருந்து டாயில் அலெக்ஸாண்டரை வாங்கினார்கள், வயசு 36. கொடுத்தது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயசு உள்ளூர் மிஷிகன் பையனை. அந்த சீசனில் கீழ் லீக்கில் அவன் 4 வெற்றி, 10 தோல்வி. பின்னாளில் 213 வெற்றி பெற்று 2015-ல் புகழ்க் கூடம் ஏறினான். அது சரி. அலெக்ஸாண்டர் என்ன செய்தார்? டெட்ராய்டுக்காக அந்த சீசனில் 9 வெற்றி, தோல்வியே கிடையாது. டைகர்ஸ் தன் பிரிவில் முதலிடம் வந்தது வெறும் இரண்டு ஆட்ட வித்தியாசத்தில்! கேட்ட வேலையை மனுஷர் கச்சிதமாகச் செய்து கொடுத்தார். அடுத்த சுற்றில் டைகர்ஸ் தோற்றது அவரை வாங்கிய கணக்கின் தப்பா? கல்யாணத்துக்கு நகை எடுத்துவிட்டு, பத்து வருஷம் கழித்து அந்தப் பணத்துக்கு நிலம் வாங்கியிருந்தால் இன்றைக்கு என்ன விலை என்று புலம்புகிற மாமாக்களை நமக்குத் தெரியாதா என்ன!

2016-ல் சிகாகோ கப்ஸும் இதையே செய்தது. அரை சீசனுக்கு மட்டும் அரோல்டிஸ் சாப்மன் என்ற அதிவேகப் பிட்சரை யாங்கீஸிடம் வாங்க, க்ளைபர் டாரஸ் என்ற முதல்தரப் பிஞ்சோடு இன்னும் மூன்று பேரைக் கொடுத்தது. (அந்த சாப்மனை யாங்கீஸ் அதற்கு முன் சல்லிசாக வாங்கியதற்குக் காரணம், அவர்மேல் இருந்த குடும்ப வன்முறைப் புகார். போலீஸ் வழக்குப் பதியவில்லை; லீக் 30 ஆட்டம் தடை போட்டது. தராசுக்காரர்கள் அதையும் 'விலை குறைவு' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டு மேலே போனதைப் படிக்கும்போது குமட்டியது.) டாரஸ் யாங்கீஸில் ஆல்-ஸ்டார் ஆனார். சாப்மன் சீசன் முடிந்ததும் யாங்கீஸுக்கே திரும்பிப் போய்விட்டார். ஆனால் நடுவில் கப்ஸ் கோப்பை அடித்துவிட்டது. 108 வருஷத்துக்குப் பிறகு! தாத்தா காத்திருந்து, அப்பா காத்திருந்து, பேரன் பார்த்த கோப்பை. டாரஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்த சிகாகோக்காரர் கேட்பார்?

ஆகவே பிஞ்சின் விலை பிஞ்சில் மட்டும் இல்லை. கையில் வைத்திருக்கிறவன் எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்பதிலும் இருக்கிறது. மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் என்று ஒரு பாவப்பட்ட அணி. 2001 நவம்பரில் அணி முதலாளிகள் கூடி இரண்டு அணிகளை இழுத்து மூடத் தீர்மானம் போட்டார்கள். மாண்ட்ரியாலும் அதில் ஒன்று என்பது ஊரறிந்த ரகசியம். நாளைக்குக் கடையே இல்லை என்கிறவனுக்கு ஃபிக்ஸட் டெபாசிட் எதற்கு? 2002 ஜூனில் பார்டோலோ கோலோன் என்ற பெரிய பிட்சருக்காக க்ளிஃப் லீ, கிரேடி ஸைஸ்மோர், பிராண்டன் ஃபிலிப்ஸ் என்று மூன்று பிஞ்சுகளை வாரிக் கொடுத்தார்கள். மூன்றும் தேன் மாதிரி பழுத்தது, வேறு தோட்டங்களில். கடைசியில் அணியை மூடவும் இல்லை! 2005-ல் வாஷிங்டனுக்குக் குடிபோனது. இருபது வருஷம் கழித்து சோட்டோவை விற்று ஐந்து இளசுகளை வாங்கியதே, அதே அணிதான். இந்தத் தடவை நிதானமாகக் காத்திருக்கிற பக்கம்.

★

இவ்வளவு நேரம் பழம், பிஞ்சு, தோப்பு என்று பேசிக்கொண்டிருந்தோம். தராசுத் தட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காது கேட்கும் என்பதை எல்லோருமே மறந்துபோகிறோம்.

கர்ட் ஃப்ளட் மறக்கவில்லை. செயின்ட் லூயிஸ் அணியில் 12 வருஷம் ஆடிய கறுப்பின ஆட்டக்காரர். 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது ஆறு வருஷக் கணக்கெல்லாம் கிடையாது. ஆயுசுக்கும் அணியின் சொத்து. ஃப்ளட் போக மறுத்தார். தன்னை வாங்கி விற்கும் உடைமையாக நடத்துவதை ஏற்க முடியாது என்று லீக் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். 90 ஆயிரம் டாலர் வாங்குகிறவருக்கு இது தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. 1970 சீசன் முழுக்க ஆடவில்லை. கேஸ் சுப்ரீம் கோர்ட்வரை போய் 1972-ல் 5-க்கு 3 என்று தோற்றது. அவர் ஆட்ட வாழ்க்கை அதோடு போயிற்று. ஆனால் அவர் கிளறிவிட்டது அடங்கவில்லை. 1973-லிருந்து, லீக்கில் பத்து வருஷமும் அதே அணியில் கடைசி ஐந்து வருஷமும் முடித்தவரை அவர் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது என்று விதி வந்தது. 1975 முடிவில் நடுவர் ஒருவர் ஆயுள் அடிமைத்தனத்தையே உடைத்தார். சோட்டோவின் 76 கோடியில் ஃப்ளட்டுக்கு ஒரு பங்கு எழுதி வைக்கலாம். அவர் 1997-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜான் ஓடம் கதை இன்னொரு மாதிரி. மேஜர் லீக்கெல்லாம் இல்லை, சின்ன லீக் பிட்சர். 2008 மே மாசம் கனடாவின் கால்கரி அணி அவரை டெக்ஸஸில் ஒரு அணிக்குக் கொடுத்தது. விலை பத்து பேஸ்பால் மட்டைகள்! மதிப்பு 665 டாலர். பத்திரிகைகளெல்லாம் எழுதிச் சிரித்தன. அவர் வீச வந்தால் கேலரியில் 'பேட்மேன்' என்று கூச்சல். முதலில் அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மூன்று வாரத்தில் அணியை விட்டுப் போய்விட்டார். நவம்பரில், 26 வயசில், இறந்துபோனார். அவருக்கு அதற்கு முன்பே வேறு கஷ்டங்கள் இருந்தன. மட்டைதான் கொன்றது என்று எழுதுவது நியாயமில்லை. ஆனால் அந்தப் பத்து மட்டைகளை ரிப்ளியின் 'நம்பினால் நம்புங்கள்' நிறுவனம் ஒரு தர்ம காரியத்துக்காக 10 ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கியது. மனுஷன் 665, மட்டை பத்தாயிரம்.

கடைசியாக வில்மர் ஃப்ளோரஸ். வெனிசுவேலா பையன். பதினாறாவது பிறந்த நாளில் மெட்ஸ் அணியோடு கையெழுத்து. டி.வி.யில் 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். 2015 ஜூலை 29-ம் தேதி ராத்திரி நியூயார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, அவரை மில்வாக்கி அணிக்குக் கொடுத்தாகிவிட்டது என்று செய்தி பரவியது. கேலரியில் எல்லோர் கையிலும் போன். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவரும் கேள்விப்பட்டார். மேனேஜருக்கு மட்டும் தெரியாது, களத்திலிருந்து எடுக்கவில்லை. ஃபீல்டிங் செய்ய நின்ற இடத்தில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார் அந்த 23 வயசுப் பையன். டி.வி. முழுக்க அந்த முகம்தான்.

அப்புறம் பார்த்தால் வியாபாரம் முறிந்துவிட்டது! எதிர்த்தரப்பு ஆளின் இடுப்பு சரியில்லையாம். ஃப்ளோரஸ் போகவில்லை. இரண்டே நாள் கழித்து, ஜூலை 31, அதே மைதானம். வாஷிங்டனோடு ஆட்டம் சமனில் இழுத்துக்கொண்டு 12-வது இன்னிங்ஸ் வரை போனது. ஃப்ளோரஸ் ஒரு ஹோம் ரன் அடித்து முடித்து வைத்தார். ஓடி வந்து கடைசி பேஸை மிதிக்கும்போது மார்பில் 'மெட்ஸ்' என்று எழுதியிருந்த இடத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். ஊரே எழுந்து நின்றது. அந்த வருஷம் மெட்ஸ் உலகத் தொடர்வரை போனது.

2018 நவம்பரில், மறுபடி சம்பளம் ஏற வேண்டிய கட்டம் வந்தபோது, மெட்ஸ் அவருக்கு அடுத்த வருஷ ஒப்பந்தம் தரவில்லை. பழமும் வாங்கவில்லை, பிஞ்சும் வாங்கவில்லை. சும்மா விட்டுவிட்டார்கள்.